கையில் ‘இரத்தம் கட்டினால்’ உருவிவிடுவதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இதழின் மருத்துவப் பக்கத்தில், கால் நாளங்களில் (இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்களில்) இரத்தம் உறைந்து கட்டியாவது பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். மணிக்கணக்காக விமானத்தில் உட்கார்ந்திருப்பவர்கள், சத்திரசிகிச்சை முடிந்து படுக்கையில் கிடப்பவர்கள், பிள்ளை பெற்ற தாய்மார் என்று பலரையும் நினைத்து எழுதியிருந்தார் கட்டுரையாளர். நல்ல கட்டுரைதான். ஆனால் கை என்ற சொல் அதில் ஓரிடத்தில்கூட இல்லை. அதே கட்டி கையிலும் வரும். என் அக்கா மகனுக்கு வந்தது. கிட்டத்தட்ட அவனை இழந்திருப்போம். அதனால் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கொழும்பு புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்தக் கடையில் 31 வருடமாகக் கணக்கு எழுதுகிறவன். வெங்காயம், கிழங்கு, பருப்பு, சீனி. மருத்துவத்துக்கும் எனக்கும் ஒரு தொடர்பும் இல்லை. கீழே வரும் மருத்துவச் செய்தியெல்லாம் ஆஸ்பத்திரி வாட்டில் டொக்டர்மார் சொன்னது. அவர்கள் சொல்லி எனக்குப் புரியாததை, உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் என் மகள் புத்தகத்தை விரித்து வைத்து விளக்கினாள்.

மருமகனுக்கு 23 வயது. ஹட்டன் பக்கத் தோட்டத்துப் பிள்ளை. இரண்டு வருடத்துக்கு முன்னால் நான்தான் கொழும்புக்குக் கூட்டிவந்து நாட்டாமி வேலையில் சேர்த்துவிட்டேன். எங்கள் தெருவுக்கு வராதவர்களுக்காகச் சொல்கிறேன். லொறியிலிருந்து மூட்டையை முதுகில் வாங்கி ஸ்டோருக்குள் கொண்டுபோவது மட்டுமல்ல நாட்டாமி வேலை. உள்ளே கொண்டுபோனதை அடுக்க வேண்டும். இடம் பஞ்சம், ஆகவே அடுக்கு கூரை வரை போகும். மேலே ஒருவன் நின்று வாங்குவான். கீழே நிற்பவன் ஒவ்வொரு பையையும் தலைக்கு மேல் தூக்கி நீட்ட வேண்டும். மருமகன் உயரமானவன், அதனால் எப்போதும் கீழே நிற்பவன் அவன்தான். போதாக்குறைக்கு மட்டக்குளியில் மென்பந்து கிரிக்கெட்டில் வேகமாகப் பந்து போடுகிறவனும் அவனேதான். இரண்டுக்கும் அதே வலது கை.

சித்திரைப் புத்தாண்டுக்கு முந்தின வாரம். எங்களுக்கு அந்த வாரத்தில் இரவு பகல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் மூன்று லொறி இறக்கினார்கள். மறுநாள் காலை பிளேன்டீ குடிக்க வந்தவன், “மாமா, கை என்னமோ பாரமா இருக்கு, சட்டைக் கை ஏற மாட்டேங்குது” என்றான். மூன்று லொறி இறக்கினவனுக்குக் கை பாரமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, பில் புத்தகத்திலிருந்து நிமிராமலேயே, “நாளைக்குச் சரியாகிவிடும்” என்று சொன்னேன். அப்படிச் சொன்னது நான்தான். வேறு யாரைப் பற்றியும் குறை சொல்வதற்கு முதல் இதை எழுதிவிட வேண்டும்.

பத்து மணிக்கு மறுபடி வந்து கையை என் மேசை மேல் நீட்டினான். கப்பித்தாவத்தைப் பிள்ளையார் கோயிலில் கட்டிய சிவப்பு நூல் மணிக்கட்டில் கிடந்தது. முதல்நாள் வரை விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாக இருந்த நூல். இப்போது சதைக்குள் புதைந்து, இரண்டு பக்கமும் சதை மேவி, நூலே தெரியவில்லை. நூல் இறுக்கிவிட்டதால்தான் கை வீங்கியிருக்கிறது என்று நினைத்து, சாக்குத் தைக்கும் சணல் வெட்டுகிற கத்தரிக்கோலால் பார்த்துப் பார்த்து வெட்டியெடுத்தேன். வெட்டியும் வீக்கம் இறங்கவில்லை. தோளிலிருந்து விரல் நுனி வரை ஒரே மாதிரி உப்பியிருந்தது. நிறமும் சரியில்லை. இடது கையோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தபோது வலது கை நாவற்பழத்தைத் தேய்த்துக் கழுவினது போல் இருந்தது.

அதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள். எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு: “இரத்தம் கட்டிருக்கு. உருவிவிட்டா சரியாப்போகும்.”

ஆசிரியர் அவர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். எங்கள் ஆட்கள் பேச்சில் ‘இரத்தம் கட்டியிருக்கு’ என்றால் என்ன? மூட்டை இடித்து, கொக்கி பட்டு, கதவு நசுக்கி, தோலுக்கு அடியில் கறுத்துப்போவது. கன்றிப்போவது என்று புத்தகத்தில் எழுதுவார்கள். அங்கே இரத்தம் குழாயை விட்டு வெளியே வந்து சதைக்குள் தேங்கி நிற்கிறது, தானாகக் கரைந்துபோகும். மருமகனுக்கு வந்தது வேறு. அவனுக்கு இரத்தம் குழாய்க்கு உள்ளேயே உறைந்து, குழாயை அடைத்துக்கொண்டு நின்றது. இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லிப் பழகியதால் இரண்டுக்கும் ஒரே வைத்தியம் பார்க்கிறோம். குழாய்க்குள் அடைத்து நிற்பதை எண்ணெய் போட்டு உருவினால் அது துண்டாகிப் பிரிந்து இரத்த ஓட்டத்தோடு இதயத்துக்குப் போய், அங்கிருந்து நுரையீரலில் சிக்கிக்கொள்ளலாம். நுரையீரலில் பெரிய துண்டு அடைத்தால் ஆள் அந்த இடத்திலேயே போகலாம்.

இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. நானே ஆள் கூட்டிக்கொண்டு, அடுத்த ஒழுங்கையில் உருவிவிடுகிற பெரியவர் ஒருவரிடம் அவனைக் கூட்டிப்போனேன். நல்ல மனிதர், காசுக்காக ஏமாற்றுகிறவர் இல்லை. சுளுக்கு, நாரிப்பிடிப்பு என்று நாட்டாமிமார் பாதிப் பேர் அவரிடம்தான் போவார்கள். எண்ணெய் காய்ச்சி, விரலில் தொடங்கித் தோள் வரை மேல்நோக்கி உருவினார். இரண்டு நாள், காலையும் மாலையும். இரண்டாம் நாள் சட்டையைக் கழற்றியபோது தோளிலும் வலது மார்பிலும் நீலநிறக் கோடுகள் கொடி மாதிரி ஓடியிருந்தன. முன்பு இல்லாதவை. “நரம்பு சுருண்டு மேல வந்திருக்கு” என்றார் பெரியவர்.

நரம்பு என்று நாங்கள் எல்லோரும் சொல்வது நரம்பே அல்ல. அதுவும் நாளம்தான். (உங்கள் கட்டுரையாளர் ‘சிரை’ என்று எழுதியிருந்தார். அது இந்தியப் புத்தகச் சொல். நம் பிள்ளைகள் பாடசாலையில் நாளம், நாடி என்றுதான் படிக்கிறார்கள். சிரை என்று போட்டால் என்னைப் போன்றவர்களுக்குத் தலையைச் சிரைப்பதுதான் ஞாபகம் வரும்.) பெரிய வழி அடைபட்டதால், கையிலிருந்து இதயத்துக்குத் திரும்ப வேண்டிய இரத்தம் தோலுக்கு அருகிலுள்ள சின்னச் சின்ன நாளங்கள் வழியாகச் சுற்றிப் போகப் பார்க்கிறது. அவை புடைத்துக்கொண்டு தெரிகின்றன. தோளிலும் மார்பிலும் புதிதாக நீலக்கோடு தெரிந்தால் அதுவே ஒரு அடையாளம் என்று பின்னால் டொக்டர் சொன்னார். அந்த அடையாளத்தின் மேல் நாங்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் நாள் ஒரு டிஸ்பென்சரிக்குப் போனோம். கூட்டம். ஒரு நிமிடம் பார்த்திருப்பார்கள். கிருமித் தொற்று என்று ஐந்து நாளைக்குக் குளிசையும், வலிக்கு ஒரு குளிசையும் கொடுத்தார்கள். காய்ச்சல் இருக்கிறதா, கையில் காயம் இருக்கிறதா என்று கேட்கவில்லை, இரண்டுமே இல்லை. நானும் எதுவும் சொல்லவில்லை. வெள்ளைச் சட்டையைக் கண்டால் வாய் திறக்காத தலைமுறை எங்களுடையது.

ஐந்தாம் நாள் காலை ஸ்டோர் மாடிப்படி ஏறும்போது அவன் பாதியில் உட்கார்ந்துவிட்டான். “மூச்சு இழுத்தா வலது விலாவுல குத்துது மாமா” என்றான். 50 கிலோ சீனி மூட்டையோடு அந்தப் படியை ஓடி ஏறுகிறவன், வெறுங்கையோடு ஏற முடியாமல் உட்கார்ந்திருக்கிறான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடித்தோம். சுவசெரிய அம்புலன்ஸ் வந்துவிட்டது, ஆனால் புத்தாண்டு வாரத்தில் எங்கள் ஒழுங்கைக்குள் வண்டி நுழைய வழியேது? நாட்டாமிமார் அவனைக் கைவண்டியில் சாக்கு விரித்து இருத்தி, பிரதான வீதி வரை தள்ளிக்கொண்டு போனார்கள். வழி நெடுக “பாரம், பாரம்” என்று கத்தினார்கள். அப்படிக் கத்தினால்தான் எங்கள் தெருவில் வழி விடுவார்கள். 2016 இல் இந்தியாவின் உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய இலவசச் சேவை இது. அதைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ சொல்வார்கள். எங்களிடம் அவர்கள் ஒரு சதமும் கேட்கவில்லை. அவன் விரலில் கிளிப் ஒன்றை மாட்டிப் பார்த்துவிட்டு உடனே ஒட்சிசன் கொடுத்தார்கள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்தது இளம் பெண் டொக்டர் ஒருவர், சிங்களவர். நான் மொழிபெயர்த்தேன். அவர் கையைத் தொடுவதற்கு முதலே கேட்ட கேள்வி: “என்ன வேலை செய்கிறீர்கள்?” நாட்டாமி என்றேன். கையைத் தலைக்கு மேல் உயர்த்திச் செய்கிற வேலையா என்று கேட்டார். அடுக்கு வைப்பதைச் செய்து காட்டினேன். அப்புறம் தையற்காரர் வைத்திருப்பது போன்ற ஒரு நாடாவை எடுத்து, இரண்டு கையையும் முழங்கைக்கு மேலே ஒரே இடத்தில் அளந்தார். வலது கை 4 சென்டிமீட்டர் பெரிது. ஐந்து நாளில் யாரும் செய்யாத காரியம் அது. ஒரு நாடா போதுமாக இருந்தது.

இரத்த ஓட்டத்தைத் திரையில் காட்டும் டொப்ளர் ஸ்கேன் எடுக்கும்போது மொழிபெயர்க்க என்னையும் உள்ளே விட்டார்கள். அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். ஏனென்றால் அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. முதலில் நல்ல கையில், இடது கையில், கூழ் மாதிரி ஒன்றைப் பூசிக் கருவியை வைத்தார்கள். திரையில் இரண்டு கறுப்பு வட்டம். ஒன்று துடித்தது, அது இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுவரும் நாடி. மற்றது நாளம். கருவியால் கையை மெல்ல அழுத்தியதும், துடித்த வட்டம் அப்படியே நிற்க, நாளத்தின் வட்டம் வெறும் சாக்குப் போல மடிந்து காணாமல் போனது. கையை எடுத்ததும் திரும்ப விரிந்தது. பிறகு வலது கை. கமக்கட்டுக்குக் கிட்ட வைத்து அழுத்தினார்கள். மடியவில்லை. இன்னும் அழுத்தினார்கள், மடியவில்லை. உள்ளே சாம்பல் நிறத்தில் ஏதோ அடைந்திருந்தது. வெறும் சாக்குக்கும் சரக்குள்ள சாக்குக்கும் வித்தியாசம் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

காறை எலும்புக்கு அடியில் அப்படி அழுத்திப் பார்க்க முடியாது, எலும்பு தடுக்கும். அங்கே இரத்தம் ஓடுகிறதா என்று நிறத்தில் பார்த்தார்கள். ஓட்டமில்லை. அன்று பின்னேரம் நெஞ்சுக்கு மருந்து ஏற்றி இன்னொரு ஸ்கேன். வலது நுரையீரலின் ஒரு சின்னக் கிளையில் துண்டொன்று போய் நின்றிருந்தது. மூச்சு இழுக்கக் குத்தியது அதனால்தான்.

இனி ஏன் கையில் வந்தது என்ற கேள்வி. காலோடு ஒப்பிட்டால் கையில் வருவது குறைவு. உடம்பின் உள்நாளங்களில் வரும் கட்டிகளில் நூற்றுக்கு 4 முதல் 10 வரைதான் கையில் என்கிறார்கள். அதிலும் பெரும்பாலானவை வேறு காரணத்தால் வருபவை. அதைப் பிறகு சொல்கிறேன். மருமகனுடைய வகை, கையைக் கடுமையாகப் பயன்படுத்துகிற இளம் ஆட்களுக்கு வருவது. கையிலிருந்து வரும் பெரிய நாளம், காறை எலும்புக்கும் முதலாவது விலா எலும்புக்கும் இடையில் ஒரு இடுக்கு வழியாக நெஞ்சுக்குள் நுழைகிறது. சிலருக்குப் பிறவியிலேயே அந்த இடுக்கு ஒடுக்கம். சிலருக்கு அங்குள்ள தசை வேலை செய்து செய்து தடித்துவிடும். கையைத் தலைக்கு மேல் தூக்கும் ஒவ்வொரு தடவையும் நாளம் இரண்டு எலும்புக்கும் நடுவில் நசுங்குகிறது. நாளத்தின் உட்சுவர் கன்றிப் புண்ணாகி, தழும்பாகி, ஒரு நாள் அங்கே இரத்தம் உறைந்துவிடுகிறது. இரண்டு பக்கமும் லொறி நிற்க, நடுவில் கைவண்டி போகிற எங்கள் தெருவை நினைத்துக்கொண்டேன். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை உரசினாலும் வண்டி போகும். பதினோராம் தடவை சிக்கிக்கொண்டால் பின்னால் தெருவே நின்றுவிடும்.

இந்த நோய்க்கு பேஜட், ஷ்ரோட்டர் என்ற இரண்டு டொக்டர்களின் பெயரைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஒருவர் 1875 இல் லண்டனிலும் மற்றவர் 1884 இல் வியன்னாவிலும் இதைப் பற்றி எழுதியவர்களாம். கிட்டத்தட்ட 150 வருடமாக மருத்துவ உலகத்துக்குத் தெரிந்த விஷயம் எங்கள் தெருவுக்கு இன்னும் வந்துசேரவில்லை. சுவருக்கும் முகட்டுக்கும் பெயின்ட் அடிப்பவர்கள், பாரம் தூக்கிப் பயிற்சி செய்கிற பையன்கள், நீச்சற்காரர்கள், பந்து வீசுபவர்கள் எல்லோருக்கும் வரக்கூடியது இது. பெரும்பாலும் பழக்கப்பட்ட கையில், பெரும்பாலும் கடும் வேலைக்குப் பிறகு ஒரு நாள் இரண்டு நாளில் வரும்.

மற்றக் காரணத்தைச் சொல்கிறேன் என்றேன். பக்கத்துக் கட்டிலில் வெள்ளவத்தையைச் சேர்ந்த ஐயா ஒருவர் இருந்தார். புற்றுநோய் மருந்து ஏற்றுவதற்காக மேற்கையில் ஒரு நீளக் குழாய் போட்டு, அதன் நுனி நெஞ்சுக்குள் பெரிய நாளம் வரை போயிருந்தது. அந்தக் கை பத்து நாளாக வீங்கியிருந்தும், குழாய் இருந்தால் வீங்கத்தானே செய்யும் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவருக்கும் இதே கட்டிதான். கையில் வரும் கட்டிகளில் அதிகமானவை இப்படி உள்ளே குழாய் போட்டவர்களுக்கும், இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும், புற்றுநோயாளர்களுக்கும் வருபவை. உங்கள் வாசகர்களில் மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு மருந்தேற்றப் போய்வருகிற குடும்பங்கள் எத்தனையோ இருக்கும். குழாய் போட்ட கையோ, அந்தப் பக்கத்துத் தோளோ கழுத்தோ வீங்கினால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

இதைச் சேலைன் ஊசி குத்திய இடத்தில் நூல் மாதிரித் தடித்துச் சிவந்து வலிப்பதோடு குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். அது தோலுக்குக் கிட்டேயுள்ள நாளத்தில் வருவது, இந்த அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. டொக்டரிடம் காட்டினால் போதும். முழுக் கையும் கனத்து, உப்பி, நிறம் மாறுவதுதான் நான் சொல்கிற விஷயம்.

உருவியதால்தான் துண்டு நுரையீரலுக்குப் போனதா என்று நான் டொக்டரிடம் நேரடியாகவே கேட்டேன். என் மனதில் அது முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. “அப்படி நிச்சயமாகச் சொல்ல முடியாது, உருவாமலும் போகலாம். ஆனால் உருவியிருக்கக் கூடாது” என்றார். காலிலிருந்து நுரையீரலுக்குப் போவதைவிடக் கையிலிருந்து போவது குறைவாம். அந்தக் குறைவுக்குள் எங்கள் பிள்ளை அகப்பட்டுக்கொண்டான்.

முதல் நாட்களில் வயிற்றுத் தோலுக்கடியில் காலையும் மாலையும் ஊசி. அதோடு சேர்த்து, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வோர்பரின் குளிசை. கட்டியை இந்த மருந்து கரைப்பதில்லை, மேலும் வளரவிடாமல் நிறுத்துகிறது. கரைக்கிற வேலையை உடம்பு மெல்ல மெல்லத் தானே பார்த்துக்கொள்ளும். குழாய் வழியாக நேரே கட்டிக்குள் மருந்து விட்டுக் கரைக்கிற முறையும் உண்டு. இரண்டு வாரத்துக்குள் என்றால் நல்ல பலன் கிடைக்கும், ஆனால் இரத்தக் கசிவு ஆபத்து இருப்பதால் ஆளைப் பார்த்துத்தான் செய்வார்கள். இவனுக்கு அது வேண்டாம் என்று பெரிய டொக்டர் தீர்மானித்தார்.

வோர்பரின் பற்றி ஒரு சங்கதி. 1948 இல் இது முதன்முதலில் கடைக்கு வந்ததே எலி மருந்தாகத்தானாம். மனிதருக்குக் கொடுக்கத் தொடங்கியது அதன் பிறகு. மகள் இதைச் சொன்னபோது, ஸ்டோரில் எலிக்கு மருந்து வைக்கிற பொறுப்பு எனக்கு என்பதால், எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அளவு தப்பினால் ஆளுக்கும் ஆபத்து. அதனால்தான் இரத்தம் எடுத்து, அது எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். என்ற எண்ணைப் பார்க்கிறார்கள். மருந்து போடாதவருக்கு அது 1 அளவில் இருக்கும். இவனுக்கு 2 க்கும் 3 க்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் கட்டி வளரலாம், கூடினால் இரத்தம் கசியலாம். தராசு முள் பார்த்தே காலம் போக்கியவன் என்பதால் இது எனக்குச் சீக்கிரம் பிடிபட்டது. அவனுக்குப் பிடிபடவில்லை. குளிசைக் கவரில் மருந்தின் பெயரும் அளவும் ஆங்கிலத்தில் கிறுக்கியிருந்தது, தமிழில் ஒரு எழுத்துக் கிடையாது. ஒரு வாரம் அதைச் சத்துக் குளிசை என்று நினைத்து, ஞாபகம் வந்தால் போட்டிருக்கிறான். எண் 1.4 க்கு இறங்கிய பிறகுதான் கண்டுபிடித்தோம். தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி என்று சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. குளிசைக் கவரில் எப்போது வரும் என்று யாராவது சொன்னால் நல்லது.

சாப்பாட்டிலும் கவனம் வேண்டும். வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கையிலை, கங்குன் போன்ற பச்சை இலைகளில் வைட்டமின் கே உண்டு. அது இந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும். அதற்காகக் கீரையை அடியோடு விட வேண்டாம், எந்த வாரமும் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிடுங்கள் என்றுதான் சொன்னார்கள். அவன் காலையில் சந்தியில் இலைக்கஞ்சி குடிக்கிறவன், ஒரு நாள் இரண்டு கோப்பை, அப்புறம் நாலு நாள் இல்லை. அதை ஒழுங்குபடுத்தினோம். இன்னொன்று, உடம்பு வலிக்கு ஃபார்மசியில் கேட்டு வாங்கிப் போடுகிற குளிசை. இந்த மருந்து போடுகிறவர் டொக்டரைக் கேட்காமல் அதை வாங்கிப் போட்டால் வயிற்றுக்குள் இரத்தம் கசியலாம். எங்கள் தெருவில் வலிக் குளிசை போடாத நாட்டாமி கிடையாது.

குறைந்தது மூன்று மாதம் மருந்து என்றார்கள். அது முடிந்துவிட்டது. மூச்சு சரி. கை பாதி சரி. காலையில் இரண்டு கையும் ஒன்று போலிருக்கும்; பின்னேரம் ஆக வலது கை கனத்துவிடும். நாளம் நசுங்குகிற அந்த முதலாவது விலா எலும்பை எடுத்துவிட்டால் மறுபடி வராமல் தடுக்கலாம் என்று சத்திரசிகிச்சை டொக்டரிடம் அனுப்பியிருக்கிறார்கள், முடிவு இன்னும் ஆகவில்லை. “விலா எலும்ப எடுத்துட்டா புள்ள எப்படிடா நிமிந்து நிக்கும்?” என்று அக்கா ஹட்டனிலிருந்து போனில் அழுகிறாள். அது இல்லாமலும் நன்றாக வாழலாம் என்று டொக்டர் சொன்னதைச் சொன்னேன். நம்பின மாதிரித் தெரியவில்லை.

அவன் இப்போது என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து நிறுவைச் சீட்டு எழுதுகிறான். முதலாளி நல்லவர் என்பதால் இது நடந்தது. மூட்டைக்கு இத்தனை என்று கூலி வாங்குகிறவனுக்கு, தூக்க முடியாத நாளில் வருமானம் பூச்சியம். அதனால்தான் கை வீங்கினாலும் அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் எண்ணெய் தேடிப் போகிறார்கள். அரை மணித்தியாலத்தில் உருவிவிட்டு அடுத்த லொறிக்கு ஓடலாம். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் போய்விடும். இதை அறியாமை என்று மட்டும் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை.

போன வாரம் அந்த உருவிவிடுகிற பெரியவரிடம் போனேன். சண்டைக்குப் போகவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஸ்கேனில் பார்த்ததையும் ஒரு காலிப் பையை வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அவர் கேட்டது இவ்வளவுதான்: “தம்பி, அடிபடாம ஒரு கை மட்டும் வீங்கி நீலம் பாய்ஞ்சிருந்தா தொடக் கூடாது, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். அதானே?” அதேதான் என்றேன். அதைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார், சுவரில் ஒட்டிவைக்க. நான் எழுதித் தந்தால் கணக்குப்பிள்ளை கிறுக்கியது என்பார்கள், பேப்பரில் வந்தது என்றால் மதிப்பார்கள் என்றும் சொன்னார்.

ஆகவே இந்தக் கடிதம் முழுக்க இடம்பெறாவிட்டாலும் பரவாயில்லை, அவர் கேட்ட அந்த ஒரு வரியை மட்டுமாவது கட்டம் கட்டிப் போட்டுவிடுங்கள். வெட்டிக்கொண்டுபோய் ஒட்டிவிடுகிறேன். அவரிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் சிங்களவர்கள். சிங்களத்தில் எழுதித் தர முதலாளியின் மகன் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
புறக்கோட்டைக் கணக்குப்பிள்ளை ஒருவன்
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13